பரணில் கிடக்கும் ரயில்: பழைய மாடல் கிட்டைத் தேடிப் பிடித்துக் கட்டுவது எப்படி

மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் கொலு பார்க்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். படிகளுக்குக் கீழே தரையில் ஒரு 'பார்க்'. கேழ்வரகு முளைத்த புல்வெளி, கண்ணாடித் துண்டில் ஒரு குளம், செட்டியார் பொம்மையின் மளிகைக் கடை, இவற்றையெல்லாம் சுற்றி வரும் ஒரு ரயில். எங்கள் எதிர்வீட்டு மாமியின் கொலுவில் ஓடிய ரயிலைப் பார்க்கவே நான் ஒன்பது நாளும் சுண்டல் வாங்கப் போவேன்.

பல வருடங்கள் கழித்து அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தபோது, பரணைக் காலி செய்த மாமி என்னைக் கூப்பிட்டார். "அந்த ரயில் சாமானெல்லாம் உனக்கு வேணுமாடா? இல்லேன்னா பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடுவேன்." பெட்டிக்குள், கொலுவில் ஓடிய அந்த ரயில் இருந்தது. அதற்கு அடியில், அவர் கணவர் 1960களில் லண்டனில் படிக்கும்போது வாங்கி, கட்டாமலே விட்ட ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பிரேக் வேன் (சரக்கு ரயிலின் கடைசியில் வரும் கார்டு பெட்டி) கிட் ஒன்றும் இருந்தது; கிட் என்றால் உதிரிகளை ஒட்டி நாமே கட்டும் மாடல். உதிரிகள் அச்சில் வார்த்த சட்டத்தோடு அப்படியே இருந்தன. விலை ஷில்லிங்கில் போட்டிருந்தது. நான் கட்டிய முதல் கிட் அதுதான். அதில் செய்த தவறுகளையும் அதற்கப்புறம் கற்றுக்கொண்டதையும் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: பழைய கிட்டைக் கட்டுவதில் பாதி வேலை பசையைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எதை வாங்குகிறோம், பெட்டியைத் திறந்து எதைப் பார்க்கிறோம் என்பதில் பொறுமை காட்டினால், கட்டும் வேலை சில சாயங்காலங்களில் முடிந்துவிடும்.

எங்கே தேடுவது

முதலில் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். உண்மையாகவே சொல்கிறேன், சென்னையில் பழைய ரயில் மாடல்கள் அதிகம் இருப்பது கடைகளில் அல்ல, பரண்களில்தான். கப்பலில் வேலை பார்த்தவர்கள், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்கள், பெரம்பூர், அயனாவரம் பக்கத்து ரயில்வே குடும்பங்கள் என்று யாராவது ஒருவர் வாங்கி வந்து வைத்திருப்பார். 'ரயில் கிட் இருக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'கொலுவுக்கு வைக்கிற பழைய ரயில் இருக்கா மாமி' என்று கேட்டுப் பாருங்கள், நினைவு வந்துவிடும்.

அடுத்தது சந்தைகள். பழைய மூர் மார்க்கெட் 1985ல் எரிந்துபோனது. அங்கிருந்த கடைக்காரர்களுக்கு சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பழைய புத்தகத்துக்குப் போகும்போது பழைய பொம்மைப் பெட்டிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தரையில் பரப்பிய குவியலில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், பல நாள் எதுவுமே கிடைக்காது. காலையிலேயே போவது நல்லது. அங்கே முழு கிட் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தண்டவாளத் துண்டுகள், சக்கரங்கள், உடைந்த வேகன்கள் கிடைத்தால் அவற்றையும் விடாதீர்கள். உதிரி இல்லாத கிட்டுக்கு அவைதான் உயிர் கொடுக்கும்.

மூன்றாவது வழி, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குவது. இங்கே கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023ல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. ரயில் மாடல்களும் அதே தலைப்பில்தான் வருகின்றன. மேலே மற்ற வரிகளும் தபால் செலவும் சேரும். வாங்கும் நாளில் உள்ள விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வரும் அக்காவோ அத்தானோ பெட்டியில் ஒரு மூலையில் வைத்துக் கொண்டுவருவது பல மடங்கு நிம்மதி.

என்னென்ன பெயர்களைக் கவனிப்பது

இங்கிலாந்துப் பக்கத்தில் முதலில் ஏர்ஃபிக்ஸ். சிக்னல் கேபின், நடைமேடை, மேம்பாலம், இன்ஜின் ஷெட், வேகன்கள் என்று எல்லாமே எளிய பிளாஸ்டிக் கிட்கள். அதற்கு அண்ணன் தம்பி போல கிட்மாஸ்டர். ரோஸ்பட் என்ற பொம்மைக் கம்பெனி 1959ல் ஆரம்பித்து, 1962ல் அச்சுகளை ஏர்ஃபிக்ஸுக்கு விற்றுவிட்டது. அந்த அச்சுகளில் சில பிறகு டேப்பால் கம்பெனியிடம் போய், இன்றும் அவற்றிலிருந்து புதிய பிரதிகள் வருகின்றன. இது உங்களுக்குக் கைகொடுக்கும் விஷயம். பழைய கிட்டில் ஏதாவது உதிரி காணவில்லை என்றால், அதே அச்சில் வந்த புதுப் பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கப் பக்கத்தில் ஏத்தர்ன் கம்பெனியின் நீலப் பெட்டி கிட்கள். வண்ணம் அடித்து எழுத்தும் போட்ட உடல், இரும்பு எடை, அடிச்சட்டம், போகி (பெட்டிக்கு அடியில் தனியாகத் திரும்பும் சக்கரச் சட்டம்), சக்கரம், சில திருகாணிகள், அவ்வளவுதான். பெட்டியைக் குலுக்கினால் வண்டி தானாகச் சேர்ந்துவிடும் என்று அங்கே செல்லமாகச் சொல்வார்கள். ரவுண்ட்ஹவுஸ் கிட்களும் ஏறக்குறைய அதே மாதிரி. மரத்தில் வந்த ஆம்ப்ராய்ட், லபெல் கிட்கள் அழகானவை, ஆனால் முதல் கிட்டாக வேண்டாம். வீடு, நிலையம் போன்ற கட்டடங்களுக்கு ஜெர்மனியின் ஃபாலர், வோல்மர், கிப்ரி.

எந்தக் காலத்துக் கிட் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை, பெட்டியே சொல்லிவிடும். விலை ஷில்லிங்கிலும் பென்ஸிலும் இருந்தால் 1971 பிப்ரவரிக்கு முந்தையது, அந்த மாதம்தான் இங்கிலாந்து தசம நாணயத்துக்கு மாறியது. 'மேற்கு ஜெர்மனி' என்று போட்டிருந்தால் 1990க்கு முன். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963க்குப் பின். பெட்டியை வைத்தே விலையை உயர்த்திச் சொல்லும் விற்பனையாளரிடம் இந்த மூன்றும் உதவும்.

அளவுவிகிதம், சுருக்கமாக

ஹெச்ஓ என்றால் 87ல் ஒரு பங்கு, அமெரிக்காவும் ஐரோப்பாவும். ஓஓ என்றால் 76ல் ஒரு பங்கு, இங்கிலாந்து. இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில்தான். 'N' என்ற அளவு 160ல் ஒரு பங்கு, 9 மி.மீ. தண்டவாளம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையில் செய்த நிஜமான நீல ரயில் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர். ஹெச்ஓவில் அது 24.5 செ.மீ., N அளவில் 13 செ.மீ. சொச்சம். நம் அகலப்பாதை 1,676 மி.மீ. என்பதால் ஹெச்ஓவில் சரியாகப் பார்த்தால் 19 மி.மீ.க்கு மேல் வரவேண்டும். 16.5ல் ஓட்டினால் கொஞ்சம் ஒல்லியாகத்தான் தெரியும். அதை ஏற்றுக்கொண்டுதான் எல்லோரும் ஓட்டுகிறோம்.

பெட்டியைத் திறந்ததும்

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பெட்டியை அதன்மேல் வைத்துத் திறங்கள். சின்ன உதிரி உருண்டால் கண்ணில் படும். முதலில் குறிப்புத்தாளைப் போட்டோ எடுத்துவிடுங்கள். ஐம்பது வருடத் தாள் மடிப்பிலேயே கிழியும். அதன்பின் அதைத் தொடாமல் போட்டோவை வைத்தே வேலை செய்யலாம். அப்புறம் தாளில் உள்ள பட்டியலை வைத்து உதிரிகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். எனக்கு ஒரு முறை 'முழு கிட்' என்று விற்கப்பட்ட பெட்டியில் சக்கரமே இல்லை. வீட்டுக்கு வந்து திறந்ததால் கேட்கவும் முடியவில்லை. அதிலிருந்து கடையிலேயே எண்ணிப் பார்க்கிறேன், விற்பவர் முகம் சுளித்தாலும்.

உலோக உதிரிகளை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பழைய துத்தநாகக் கலவை வார்ப்பில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால், வருடங்கள் போகப் போக உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு வரும். மேலே மயிரிழை போல வெடிப்பு, சின்னக் கொப்புளம், ஓரங்கள் உப்பிப்போவது, தொட்டால் உதிர்வது எல்லாம் அதன் அடையாளம். ஈரக் காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். இதற்கு மருந்து கிடையாது. இன்ஜினின் அடிச்சட்டத்தில் இதைப் பார்த்தால், மாற்று உதிரி கையில் இருந்தாலொழிய வாங்காதீர்கள்.

பிளாஸ்டிக்கில் பார்க்க வேண்டியது நெளிவு. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் ஒவ்வொரு பாகத்தையும் வைத்து, ஓரத்தில் வெளிச்சம் புகுகிறதா என்று பாருங்கள். சாதாரண பாலிஸ்டைரீன் கொஞ்சம் வளைந்திருந்தால், கை பொறுக்காத சூட்டில், கொதிக்காத வெந்நீரில் சற்று முக்கி எடுத்து, கண்ணாடிமேல் வைத்து, புத்தகம் ஒன்றை ஏற்றி ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். ஆனால் 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ட்ரையாங் கம்பெனி ரயில்களில் வந்த செல்லுலோஸ் அசிட்டேட் உடல்கள் வேறு சாதி. அவை சுருங்கி முறுக்கிக்கொள்ளும், திரும்ப நேராக்க முடியாது. அதை நேராக்கப் போய் ஒன்றை உடைத்தே விட்டேன்.

எழுத்துகளும் எண்களும் உள்ள, தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெகால் தாள் மஞ்சளாகியிருந்தால் பயப்படாதீர்கள். ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் டேப்பால் ஒட்டி, சில நாள் வெயில் படவிடுங்கள், மஞ்சள் குறையும். நம்ம ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகுமோ என்ற பயம்தான் நியாயமானது. தேவையில்லாத ஒரு சின்ன எழுத்தை வெட்டி முதலில் சோதித்துப் பாருங்கள். உடைந்தால், மீதித் தாள்மேல் தெளிவான வார்னிஷ் மெல்லியதாக இரண்டு முறை அடித்து, காய்ந்தபின் ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுக்க வேண்டும்.

வெள்ளை உலோக வார்ப்புகளில் ஈயம் இருக்கலாம். அரம் போட்ட பிறகு கையைக் கழுவாமல் பலகாரம் சாப்பிடாதீர்கள், குழந்தைகளை அந்த மேஜைப் பக்கம் விடாதீர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: இதைக் கட்டலாமா? உறை பிரிக்காத, அரிதான கிட்மாஸ்டர் பெட்டி கையில் கிடைத்தால், முதல் கிட்டாக அதைத் தொடாதீர்கள். சாதாரணமான, எங்கும் கிடைக்கிற, ஏற்கெனவே பிரித்த பெட்டியை எடுங்கள். அதே சமயம், கட்டுவதற்காகச் செய்த பொருளைக் கட்டாமலே ஐம்பது வருடம் வைத்திருப்பதும் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

மேஜையும் கருவிகளும்

நகவெட்டி, கூர்மையான கட்டர், சின்ன அரம், 400, 800 எண் உப்புத்தாள், சாமணம், மருத்துவக் கடை ஊசியில்லாத சிரிஞ்ச், பழைய பல் பிரஷ். இதில் பாதி வீட்டிலேயே இருக்கும். மீதி பாரிமுனை சுற்று வட்டாரத்தில் அரை நாளில் வாங்கிவிடலாம். அட்டை, தடித்த தாள் வேண்டுமென்றால் ஆண்டர்சன் தெரு. வயர், சுவிட்ச், அடாப்டர் எல்லாம் ரிச்சி தெரு.

பசைதான் புதியவர்கள் தடுமாறும் இடம். பிளாஸ்டிக் கிட்டுக்குத் தேவை பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து இணைக்கும் மெல்லிய திரவப் பசை. தமியா கம்பெனியுடையது இங்கே இணையத்தில் கிடைக்கிறது. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் பிரஷ் நுனியை வைத்தால் போதும், பசை தானே உள்ளே ஓடும். ஃபெவிகுவிக் உலோகத்தைப் பிளாஸ்டிக்கோடு ஒட்ட நல்லது, ஆனால் அதன் ஆவி ஜன்னல் கண்ணாடிமேல் வெள்ளையாகப் படியும். அதனால் ஜன்னல்களுக்கு ஃபெவிகால். எடை ஒட்ட அரால்டைட்.

கட்டுவது

உதிரிகள் எல்லாவற்றையும் சட்டத்தோடு இருக்கும்போதே பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் இன்னும் ஒட்டியிருக்கும். அது போகாவிட்டால் பெயின்ட் பிடிக்காது.

சட்டத்திலிருந்து உதிரியைப் பிய்க்காதீர்கள். நகவெட்டியால் சற்றுத் தள்ளி வெட்டி, மீதியை அரத்தால் தேய்த்து எடுங்கள். ஓரங்களில் அச்சு இணைந்த கோடு தெரியும், அதையும் தேய்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிக் குவிக்க வேண்டாம். ஒரு படிக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள்.

பிறகு பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். டேப், ரப்பர் பேண்ட், துணி கிளிப் எதை வேண்டுமானாலும் வைத்துப் பிடித்து முழு வண்டியையும் ஒரு முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிக் குதிக்கத்தான் கை துறுதுறுக்கும். என் பிரேக் வேனில் பக்கச் சுவர்களை முதலில் ஒட்டிவிட்டு, அப்புறம்தான் தரைப்பலகை அரை மில்லிமீட்டர் பெரிது என்று கண்டேன். ஒரு தேய்ப்பில் முடிந்திருக்க வேண்டிய வேலை. சுவரைப் பிரித்தெடுத்ததில் ஒரு மூலை சிதைந்தது, அந்த மூலை இன்றைக்கும் தெரிகிறது.

நான்கு சக்கர வேகனுக்கு மிக முக்கியமான கட்டம் அடிப்பாகம். ஒரு பக்கத்து அச்சுத்தாங்கியை ஒட்டி, சக்கரங்களை நுழைத்து, மறுபக்கத்தை வைத்து, பசை இறுகுவதற்குள் கண்ணாடித் தகட்டில் நிறுத்துங்கள். நான்கு சக்கரமும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒரு மூலையை விரலால் தட்டினால் ஆடக் கூடாது. இந்த ஒரு சோதனையில் தேறிய வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்காது. கிட்டோடு வந்த பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதிலாக உலோகச் சக்கரம் போட முடிந்தால் போடுங்கள். இங்கிலாந்து வேகன்களுக்கு 26 மி.மீ. நீள ஊசிமுனை அச்சு, அதற்குச் சின்னப் பித்தளைத் தாங்கி. ஓட்டத்தில் வித்தியாசம் உடனே தெரியும். சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே ஏறத்தாழ 14.4 மி.மீ. இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். மிகப் பழைய சக்கரங்களில் விளிம்பு ஆழமாக இருக்கும். அவை உயரமான கோட் 100 தண்டவாளத்தில்தான் ஓடும், தாழ்வான கோட் 75ல் கட்டைகளில் மோதித் தடதடக்கும்.

போகி வைத்த நீளப் பெட்டியென்றால் ஒரு பழைய உத்தி: ஒரு போகியின் திருகாணியை, திரும்ப மட்டும் முடிகிற அளவுக்கு இறுக்குங்கள். இன்னொன்றைக் கொஞ்சம் தளர்த்தி, பக்கவாட்டிலும் ஆடும்படி விடுங்கள். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பது போல வண்டியும் நிற்கும்.

அடுத்தது எடை. பிளாஸ்டிக் வண்டி லேசாக இருந்தால் வளைவில் கவிழும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் ஹெச்ஓவுக்குச் சொல்லும் கணக்கு: ஒரு அவுன்ஸ், அதோடு வண்டியின் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குல வண்டிக்கு நான்கு அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். இங்கிலாந்து வேகன்களுக்கு ஓர் அச்சுக்கு 25 கிராம் என்ற கணக்கு போதும். சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். இரும்பு வாஷர்களை அரால்டைட்டால் உள்ளே ஒட்டுங்கள், நடுவில், தாழ்வாக. தூண்டில் ஈயக் குண்டுகளைப் போட்டு ஃபெவிகால் ஊற்றும் வழக்கம் உண்டு, தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். ஈயமும் அந்தப் பசையும் சேர்ந்து வருடங்கள் போகப் போக உப்பி, வண்டியின் வயிற்றையே பிளந்துவிடும்.

பெயின்ட்டைப் பற்றி: ஏத்தர்ன் போல முன்பே வண்ணம் அடித்து வந்ததை அப்படியே விட்டுவிடுங்கள், அந்த வண்ணம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. யாரோ அரைகுறையாகப் பெயின்ட் அடித்த பழைய வண்டி கிடைத்தால் மட்டும் உரிக்கலாம். நம் வீட்டு டெட்டால் இதற்கு நல்ல மருந்து. உட்புறம் ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு, ஓரிரவு ஊறப்போட்டு, கையுறை போட்டுக்கொண்டு பல் பிரஷால் தேயுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: தேய்த்ததும் தண்ணீரில் கழுவக் கூடாது. பெயின்ட் பிசுபிசுவென்று களியாகி ஒட்டிக்கொள்ளும். முதலில் புது டெட்டாலிலேயே அலசிவிட்டு, அதன்பின் சோப்புத் தண்ணீர்.

வண்ணம் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு முறை பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். பழைய இன்ஜின்களையும் பெட்டிகளையும் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். துரு எங்கிருந்து ஆரம்பிக்கிறது, எண்ணெய் எந்தப் பக்கம் வழிகிறது, கூரையில் புகை எப்படிப் படிகிறது என்பதையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ராயபுரம் நிலையத்துக்கும் போகலாம். 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். தூண் வரிசையைப் பார்த்தால் அடுத்ததாக ஒரு நிலையக் கட்டடம் கட்டத் தோன்றும்.

நம் ஊர்க் காற்றும் வெயிலும்

வெளிநாட்டுக் குறிப்புத்தாள் எதிலும் இருக்காத பகுதி இது. ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் பெயின்ட்டின்மேல் வெள்ளைப் பூச்சாக மூட்டம் படியும். நான் ஒரு அடைமழை நாளில் மொட்டைமாடிப் படிக்கட்டில் நின்று அடித்து, கரும் பழுப்பு வேகனைச் சாம்பல் நிறமாக எடுத்துவந்தேன். மழைக்காலத்தில் பிரஷும் அக்ரிலிக்கும் போதும், ஸ்ப்ரேயை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபெவிகுவிக் ஈரத்தில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், கை சரிசெய்ய நேரம் இருக்காது.

மர கிட் என்றால் பலகையின் ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் மறுநாள் வளைந்து நிற்கும். இரண்டு பக்கமும் சீலர் அடித்துவிட்டு ஆரம்பியுங்கள். காகித அட்டைக் கிட்களுக்கு எதிரி வெள்ளிப்பூச்சி. கத்திரி வெயிலில் கிட்டைக் காருக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், ஓட்டுக்கு அடியில் உள்ள பரணும் கிட்டத்தட்ட அதே சூடுதான். நான் கட்டாத கிட்களை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கிறேன்.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பித்தளைத் தண்டவாளத்தைத் தவிர்த்து நிக்கல் சில்வர் வாங்குங்கள். பித்தளை சீக்கிரம் கறுத்து மின்சாரத்தைத் தடுக்கும், ஓட்டுகிற நேரத்தைவிடத் துடைக்கிற நேரம் அதிகமாகும்.

ஓட்டிப் பார்ப்பது

இது பாதுகாப்பு விஷயம், கவனமாகப் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பவர் பேக் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் எரிந்துபோகும், தீயும் பிடிக்கலாம். மாமா ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்ததை நான் லேபிளைப் படிக்காமல் செருகி, அறை முழுக்கப் புகையாக்கியிருக்கிறேன். இங்கிலாந்துப் பெட்டிகளின் வோல்ட்டேஜ் நமக்குச் சரி, ஆனால் ஐம்பது வருட வயரின் உறை நொறுங்கியிருக்கும். பழையதைக் காட்சிக்கு வைத்துவிட்டு, ரிச்சி தெருவில் 12 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டர், ஒரு மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, திசை மாற்ற ஒரு டிபிடிடி சுவிட்ச் வாங்குங்கள். ஒரு விதிவிலக்கு: ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனியுடைய பழைய மூன்று தண்டவாள ரயில்கள் ஏசியில் ஓடுபவை, இந்த ஏற்பாடு அவற்றுக்குப் பொருந்தாது.

பழைய இன்ஜின் கையில் இருந்தால் உடனே தண்டவாளத்தில் வைக்காதீர்கள். 9 வோல்ட் பேட்டரியின் முனைகளைச் சக்கரங்களில் தொட்டுப் பாருங்கள். சிலிர்த்தால் உயிர் இருக்கிறது. அசையாவிட்டாலும் பல நேரம் மோட்டாரில் குறை இருக்காது, எண்ணெய் இறுகிப்போயிருக்கும். மாமியின் ரயிலில் அப்படித்தான், யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைக் காதுக்குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு எல்லாவற்றையும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை ஊசி முனையில் எடுத்து ஒவ்வொரு அச்சிலும் ஒரே ஒரு துளி வைத்தேன். மூன்றாவது முயற்சியில் ஓடியது.

இடம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். முழு வட்டம் வேண்டுமென்றால் ஹெச்ஓவின் வழக்கமான 18 அங்குல ஆர வளைவுக்கு ஒரு மீட்டருக்குக் குறையாத அகலம் தேவைப்படும். அடுக்குமாடி வீட்டில் அது கஷ்டம்தான். ஆனால் ஒரு புத்தக அலமாரித் தட்டு அகலத்தில், இரண்டு பாயின்ட்டும் (பாதை பிரியும் தண்டவாளத் துண்டு) மூன்று கிளைப் பாதையும் போட்டு, ஐந்து, மூன்று, மூன்று வேகன் நிற்கும்படி வெட்டினால், எட்டு வேகன்களை வரிசை மாற்றி மாற்றிக் கோக்கும் இங்கிள்நூக் என்ற ஷண்டிங் விளையாட்டு கிடைக்கும். ஒரு இன்ஜின் போதும். நாம் கட்டும் வேகன்கள் எல்லாவற்றுக்கும் அதில் வேலை இருக்கும். தெர்மாகோலில் குன்று செய்தால் அதில் ஃபெவிகுவிக் விடாதீர்கள், கரைந்து குழியாகிவிடும்.

மிச்சமான உதிரிகள், சட்டத்தின் துண்டுகள், பழைய சக்கரம் எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள், குறிப்புத்தாளையும் கூட. சட்டத் துண்டுகளைப் பசையில் கரைத்தால் அதே நிறத்தில் இடுக்கு நிரப்பும் கலவை கிடைக்கும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். மூடியின் உட்புறத்தில் கட்டி முடித்த தேதியையும், எங்கிருந்து வந்தது, எந்த உதிரியை மாற்றினீர்கள் என்பதையும் பென்சிலால் எழுதிவையுங்கள், பேனா வேண்டாம், மை ஊறும். என் பிரேக் வேன் பெட்டியில் மாமியின் கணவர் கையெழுத்தில், லண்டனில் வாங்கிய தேதி முன்பே இருந்தது. அதற்குக் கீழே என்னுடையதை எழுதினேன். அந்த வருட நவராத்திரிக்கு மாமியின் புது வீட்டில் பார்க்கைச் சுற்றி ஓடிய ரயிலின் கடைசியில் அந்த வேன் இருந்தது. ஒன்பது நாளும் ஒரு முறைகூடத் தடம் புரளவில்லை.